ஒரு நாளும் விடாம வந்த முத்துராக்கு

படுத்துட்டியா? போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கோ. நான் சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும். சரியா தாயி?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அவகிட்ட ஒரு மூச்சு இருந்துச்சு. உனக்கும் எனக்கும் இருக்கிற மாதிரி, நாம மறந்தே போற மூச்சு இல்ல அது. உள்ள போனா வெளிய வராது, வெளிய வந்தா உள்ள போகாது. கொய்ங்ங்ங்... கொய்ங்ங்ங்... துருப்பிடிச்ச கிணத்து ராட்டினத்துல யாரோ ரொம்பத் தூரத்துல தண்ணி இறைக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ தெருவுல வந்தா அவளுக்கு முன்னாடி அந்தச் சத்தம் வரும்.

"பேரு என்ன பெரிப்பா?"

முத்துராக்கு. ராக்குன்னு கூப்பிடுவாக.

அந்த ஊரு ஒரு செவப்பு ஊரு. தை பொறந்துட்டா போதும், தூரத்துல இருந்து பார்த்தா ஊரே தீப்பிடிச்ச மாதிரி இருக்கும். அம்புட்டும் மிளகாய் வத்தல். களத்துல வத்தல், கூரை மேல வத்தல், கோயில் முன்னாடி வத்தல், தார் ரோட்டுல பாதி வத்தல். பஸ் வந்தா மிச்சப் பாதியில மெல்ல ஒதுங்கிப் போகும். பள்ளிக்கூடத்து முத்தத்துலயும் வத்தல்தான். பிள்ளைங்க ஓரமா ஒத்தையடிப் பாதை மாதிரி விட்டிருக்கிற இடத்துல கால் வச்சு கால் வச்சு உள்ள போகணும். யாரும் வாத்தியாரைக் கேக்குறதுல்ல. ஊரே அந்த வத்தல்லதான் சோறு திங்குது. அப்போ யாரைக் கேக்கணும்?

வெயில் ஏற ஏற நெடி கிளம்பும். வெளியூர்க்காரன் வந்தா ஹச், ஹச், ஹச்சுனு மூணு தும்மல் போட்டுட்டுத்தான் பேரையே சொல்லுவான். உள்ளூர்ல ஒருத்தரும் தும்ம மாட்டாக. எல்லார் மூக்கும் பழகிப் போச்சு. ராக்கு நெஞ்சு மட்டும் பழகல. பொறந்ததுல இருந்து பழகல. தை மாசம் ஆரம்பிச்சா சித்திரை வரைக்கும் அவ வீட்டுக்குள்ளேயே கெடப்பா. சன்னல்ல சாக்கு. வாசல்ல ஈரச்சேலை. அது காயக் காய அவ ஆத்தா இருளாயி தண்ணியை அள்ளி அள்ளித் தெளிப்பா, சப், சப், சப்புனு. அப்புறம் ஐப்பசி மழையில ஒரு தடவை இழுக்கும், கார்த்திகைப் பனியில ஒரு தடவை இழுக்கும். மிச்சம் இருக்கிற நாள்லதான் பள்ளிக்கூடம்.

"எனக்கும் சளி வந்து நாலு நாள் போகலையே."

உனக்கு நாலு நாள். திங்கக்கிழமை போயிருவ. ராக்குவுக்கு அப்படி இல்ல. அவ பத்து நாள் போவா, இருவது நாள் படுப்பா. போகும்போது வகுப்புல கழித்தல் நடக்கும். படுத்து எந்திரிச்சுத் திரும்பிப் போனா பெருக்கல் பாதி தாண்டியிருக்கும். அதை எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள மறுபடி கொய்ங்ங்ங்... அடுத்த தடவை போனா வகுத்தல். நடக்குற கதையை நடுவுல வந்து கேக்குற மாதிரிதான் அவளுக்கு எல்லாப் பாடமும். யாரு யாரைக் கொன்னா, எதுக்காகக் கொன்னான்னே தெரியாது.

ம் சொல்லு.

"ம்."

அப்போ அவ அஞ்சாவது. அவ அப்பன் பேரு செவத்தியான். கெட்டவன் இல்ல. ஆனா ஒரே வார்த்தைக்காரன். வெளக்கு வைக்கிற நேரத்துல ஒரு நாள் சொல்லிட்டான். "இந்தா பாரு இருளாயி. அஞ்சாவது பாஸாகிட்டான்னா கடக்கரை ஊருல ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க கொண்டு போய் விடுறேன். உப்புக் காத்து. வத்தல் கெடையாது. மூச்சு வாங்காம நாலெழுத்துப் படிச்சுக்கிடட்டும். பாஸாகலைன்னா களத்துக்கு வரட்டும். காம்பு கிள்ளட்டும். சும்மா உக்கார வச்சுச் சோறு போட நான் ராசா இல்ல."

"களத்துக்கு வந்தா செத்துருவாய்யா."

"அப்ப பாஸாகச் சொல்லு."

அம்புட்டுத்தான். பாஸானா கடக்கரை. ஆகலைன்னா களம். ராக்கு அந்த ஈரச்சேலைக்குப் பின்னாடி படுத்துக்கிட்டு இதைக் கேட்டுக்கிட்டே இருந்தா.

இப்ப பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அந்தப் பள்ளிக்கூடத்துல அஞ்சு வகுப்பு, ஒரே வாத்தியார். அருளானந்துன்னு பேரு. கண்ணாடி சோடாப் புட்டி அடி மாதிரி தடிமனா இருக்கும். காலையில வந்ததும் வருகைப் பதிவேட்டைப் பிரிப்பாரு. தலையைத் தூக்கவே மாட்டாரு. பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு, நம்பர்தான். ஒண்ணு! "உள்ளேன் ஐயா." ரெண்டு! "உள்ளேன் ஐயா." வந்தா ஒரு கோடு, வரலைன்னா ஒரு சுழி. கீச், கீச், கீச்சுனு பேனா ஓடும். அறுவத்தோரு பிள்ளை. முடிஞ்சதும் ரெண்டாம் வகுப்புக்கு எழுத்து, மூணாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, நாலாம் வகுப்புல அடிதடி, சத்துணவுக்கு அரிசி அளக்கணும். மனுஷன் என்ன செய்வாரு.

ராக்கு பத்தொன்பது.

ஐப்பசியில முதல் தடவை இழுத்தப்ப, பத்தொன்பதுன்னு கூப்பிட்டாரு. சத்தமில்ல. சுழி. மறுநாள் பத்தொன்பது. சுழி. இப்படியே சுழி சுழியாப் போச்சு. ஒரு நாள் பேனாவை நிறுத்திட்டுச் சொன்னாரு. "இன்னும் ரெண்டு நாள்ல பத்தொன்பது வரலைன்னா பேரை அடிச்சிருவேன். அதான் ரூல்."

அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு. பிள்ளைங்க பயந்து போய் ஒண்ணை ஒண்ணு ஒட்டி உக்காந்துக்கிச்சுங்க.

"ஏன்?"

போன வருஷம் அந்த வகுப்புல கருப்பையான்னு ஒரு பையன் இருந்தான். பாம்பு கடிச்சுச் செத்துப் போயிட்டான். மறுநாள் வாத்தியார் செவப்பு மையை எடுத்து, ஸ்கேல் வச்சு, அவன் பேரு மேல சர்ர்ருனு ஒரு கோடு இழுத்தாரு. எல்லாப் பிள்ளையும் பார்த்துச்சுங்க. அதுக்கு முன்னாடி அவுங்க யார் பேரையும் அடிச்சுப் பார்த்ததில்ல. செத்ததால அடிச்சாரா, அடிச்சதால செத்தானா? சின்னப் பிள்ளைங்களுக்கு எது முந்தி எது பிந்தின்னு யாரு சொல்லிக் கொடுத்தா? அவுங்களா ஒண்ணை முடிவு பண்ணிக்கிட்டாங்க. செவப்புக் கோடு விழுந்தா மூச்சு நிக்கும். ராக்குவுக்கு ஏற்கெனவே பாதி மூச்சு.

ராக்கு பக்கத்துல உக்கார்ற பொண்ணு பஞ்சவர்ணம். வாயாடி. காதுல குச்சி, தலையில ரெட்டைச் சடை, எப்பவும் முழங்கால்ல ஒரு காயம். அவதான் சத்துணவு வரிசையில எல்லாத்தையும் கூட்டி வச்சுச் சொன்னா. "அடேய், பத்தொன்பதுன்னு கூப்பிட்டா சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தா அவ செத்துருவா. நான் சொல்லிக்கிறேன்."

"கண்டுபிடிச்சிருவாருடி!"

"அவரு என்னைக்குடா நம்ம மூஞ்சியப் பார்த்தாரு?"

மறுநாள் காலையில. பதினேழு! உள்ளேன் ஐயா. பதினெட்டு! உள்ளேன் ஐயா. பத்தொன்பது! பஞ்சவர்ணம் குரலை மூக்குல ஏத்தி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, கொய்ங்ங்... "உள்ளேன் ஐயா."

கீச். கோடு.

ஹப்பாடான்னு அஞ்சாங்கிளாஸே மூச்சு விட்டுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அவ நேரா ராக்கு வீட்டுக்கு ஓடி, ஈரச்சேலைக்கு வெளிய நின்னு, "புள்ள, நீ இன்னைக்கு வந்துட்ட"ன்னு சொன்னா. ராக்கு உள்ள இருந்து சிரிச்சா. சிரிச்சா இருமல் வரும். இருமிக்கிட்டே சிரிச்சா.

அப்புறம் அது பழக்கமாயிருச்சு. ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சுக்கிட்டாங்க. மூணு தடவை மாட்டப் பார்த்தாங்க.

முதல் தடவை, ஒரே நேரத்துல ரெண்டு பேரு உள்ளேன் ஐயான்னுட்டாங்க. வாத்தியார் பேனாவை நிறுத்தினாரு. "என்ன எதிரொலி?" பஞ்சவர்ணம் சட்டுனு, "ஐயா, சுவரு காலியா இருக்குல்ல, அதான்"னா. அவரு சுவரைப் பார்த்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டாரு.

ரெண்டாவது தடவை, "பத்தொன்பது, எந்திரிச்சு வாசி"ன்னாரு. எந்திரிக்க ஆளில்ல. "ஐயா, அவ ஒண்ணுக்குப் போயிருக்கா." அப்புறமும் கேட்டாரு. "ஐயா, அவளுக்கு வயித்தால போகுது." சரி சரின்னு விட்டுட்டாரு.

மூணாவது தடவை பெரிய ஆபீசர் வந்துட்டாரு தலை எண்ண. ஜீப்புல. டுர்ர்ர்ருனு. அப்போ பஞ்சவர்ணம் என்ன பண்ணினா தெரியுமா? பின்பக்கமா ஓடிப்போய் வீட்ல இருந்த தன் தங்கச்சியைத் தூக்கிட்டு வந்து நடுவுல சொருகிட்டா. நாலு வயசு. மூக்கு ஒழுகிக்கிட்டு, கையில முறுக்கு. ஆபீசர் எண்ணினாரு. அறுவத்தொண்ணு. "ரொம்ப சிறுசா இருக்கே இது?" "சத்து கம்மிங்கய்யா"ன்னாரு வாத்தியார், குனிஞ்சபடியே.

"ஹி ஹி..."

சிரி, சிரி. அந்த ஊருப் பிள்ளைங்களும் அன்னைக்கு அப்படித்தான் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆனா தாயி, ஒண்ணு கேளு. அந்த வருஷமே சேவியர்னு ஒரு பையன் புளியமரத்துல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சு கெடந்தான். பதிவேட்டுல அவனுக்குச் சுழி சுழியா விழுந்துச்சு. வாத்தியார் பார்த்தாரு. என்னடா இதுன்னு விசாரிச்சாரு. சாயங்காலம் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கிட்டு, கிணிங் கிணிங்னு அவன் வீட்டுக்குப் போய், கட்டுப் போட்ட காலைத் தலைகாணியில வச்சுக்கிட்டுக் கெடந்த அவனுக்கு வகுத்தல் முழுசும் சொல்லிக் கொடுத்துட்டு வந்தாரு. நல்ல மனுஷன்தான். சுழியைப் பார்த்தா தேடிப் போற மனுஷன்.

அந்த சைக்கிள் ராக்கு வீட்டு வாசல் வழியாத்தான் போகும். கிணிங் கிணிங். ராக்கு படுத்துக்கிட்டே கேப்பா. ஆத்தாகிட்டக் கேட்டா, "ஏம்மா, என்னைத் தேடி வரமாட்டாரா?"

அவரு எப்படி வருவாரு? ராக்குதான் தினமும் வந்துக்கிட்டு இருக்காளே.

ம்?

"...ம்."

கார்த்திகையில நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. ராக்கு பள்ளிக்கூடம் போனா. வாத்தியார் போர்டுல ஒரு வகுத்தல் கணக்கை எழுதிட்டு, "பத்தொன்பது, வந்து போடு"ன்னாரு. அவ சுண்ணாம்புக்கட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா. அவளுக்கு அந்தக் கோடு எதுக்குப் போடுறாங்க, எந்த நம்பரு எதுக்குள்ள போகுதுன்னே தெரியாது.

"தினம் தினம் வந்து உக்காந்துக்கிட்டு என்னடி பண்ற நீ? கால் ஒடிஞ்ச பையனே போடுறான். ஒரு நாள் கூட விடாம வர்ற, உனக்கு என்ன கேடு?"

பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சுக்கிட்டாங்க. ராக்கு பஞ்சவர்ணத்தைப் பார்த்தா. நான் வரலைய்யான்னு ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னா எல்லாருக்கும் பிரம்பு. அதோட செவப்பு மை. அவளும் அதே பிள்ளைங்கள்ல ஒருத்திதானே? அவளும் கருப்பையா பேரு மேல கோடு விழுந்ததைப் பார்த்தவதானே? சுண்ணாம்புக்கட்டியை மேசையில வச்சுட்டா. "மண்டையில ஒண்ணும் இல்ல. போ, போய் ஒண்ணாங்கிளாஸோட உக்காரு"ன்னாரு. அவ போய், அ எழுதுற பிள்ளைங்களுக்கு நடுவுல, முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தா.

அப்புறம் தை வந்துச்சு. முத்தம் செவந்துச்சு. ராக்கு மறுபடி சாக்குக்குப் பின்னாடி போயிட்டா.

மாசியில பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. மைக் செட்டு, கலர்த் தாளு, ஊரே வந்து உக்காந்திருக்கு. ஆபீசர்தான் பரிசு கொடுக்கிறாரு. ஓட்டத்துக்கு ஒரு டம்ளர், பாட்டுக்கு ஒரு சோப்பு டப்பா. கடைசியா ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. வாத்தியார் மைக்கைப் பிடிச்சாரு, கொர்ர்ர்ருனு அது கத்துச்சு. "இந்தக் கல்வி ஆண்டுல ஐப்பசிக்கு அப்புறம் ஒரு நாள் கூட விடாம பள்ளிக்கு வருகை தந்த ஒரே மாணவி... செவத்தியான் மகள் முத்துராக்கு!"

யாரும் கை தட்டல.

"முத்துராக்கு!"

அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க தரையைப் பார்க்குதுங்க. ஒருத்தி தன் முறை வந்தாச்சுன்னு பழக்கத்துல வாயைத் திறக்கப் போனா, பக்கத்துல இருந்தவ கிள்ளிட்டா.

அப்போ பின்னாடி இருந்து இருளாயி எந்திரிச்சா. ஈரச்சேலையைத் தெளிச்சுத் தெளிச்சுக் கை ஊறிப் போன பொம்பளை. "ஐயா, எம்புள்ள வீட்ல இழுத்துக்கிட்டுக் கெடக்கு. தையில இருந்து வாசப்படி தாண்டலையேய்யா. எப்பய்யா வந்துச்சு?"

அப்பத்தான் அருளானந்து வாத்தியார் தலையைத் தூக்கினாரு. கண்ணாடி வழியா ஒவ்வொரு பிள்ளையா பார்த்தாரு. பஞ்சவர்ணம் பக்கத்துல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு இடம் காலியாக் கெடந்துச்சு. கூட்டம் நெருக்கியடிச்சும் அந்த இடத்தை யாரும் எடுக்கல. அவருக்குப் புரிஞ்சு போச்சு. எல்லாம் புரிஞ்சு போச்சு.

ஆபீசர் அவரைத் திரும்பிப் பார்த்தாரு. "என்ன சார் சொல்லுது அந்தம்மா?"

ஒரு மூச்சு விடுற நேரம் இருந்துச்சு அவருக்கு, உண்மையைச் சொல்ல. அந்த நேரத்துல அவரு தன் வேலையை நினைச்சாரு, மக கல்யாணத்தை நினைச்சாரு, பொய்ப் பதிவேடுன்னா என்ன ஆகும்னு நினைச்சாரு. "அந்தம்மாவுக்கு நாள் கணக்கு தெரியாதுங்கய்யா. இன்னைக்கு மட்டும் பிள்ளைக்கு உடம்பு சரியில்ல போல"ன்னாரு.

தட்டு இருளாயி கைக்கு வந்துச்சு. ஊரு கை தட்டுச்சு.

"பொய் சொல்லிட்டாரா?"

ஆமா. பெரியவங்களும் சொல்லுவாங்க.

அப்புறம் பங்குனி. பரிட்சை. தமிழுக்கு ராக்குவை அவ அப்பன் தோள்ல தூக்கிட்டு வந்தான். முத்தத்துல வத்தல் காய்ஞ்சு படபடன்னு வெடிக்குது. பாதி எழுதினா. கொய்ங்ங்ங்... பேனா கீழ விழுந்துச்சு. தூக்கிட்டு ஓடினான். கணக்குப் பரிட்சைக்கு வரவே இல்ல. அன்னைக்கு அவ டவுன் பெரியாஸ்பத்திரியில மூக்குல குழாய் வச்சுக் கெடந்தா.

அங்க ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. இருளாயி அழுததைக் கேட்டுட்டு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தாங்க. "உடம்பு முடியாம பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு ஜூன் மாசம் தனியா பரிட்சை வைப்பாங்கம்மா. அப்ப உங்க ஊர்ல வத்தல் இருக்காதுல்ல? இதைக் கொண்டு போய்க் கொடுங்க."

இருளாயிக்குக் கால் தரையில பாவல. லெட்டரை முந்தியில முடிஞ்சுக்கிட்டு ஓடி வந்தா.

வாத்தியார் வாசிச்சாரு. மறுபடி வாசிச்சாரு. அப்புறம் பதிவேட்டைத் தொறந்து காட்டினாரு. இருளாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனா கோடு தெரியும். பத்தொன்பதுக்கு நேரா கோடு, கோடு, கோடு, கோடு.

"ஐப்பசிக்கு அப்புறம் இதுல அவ வராத நாளே இல்லம்மா. நாள் கணக்கா வராத பிள்ளைக்குத்தான் ஜூன் பரிட்சை. இந்த லெட்டர் செல்லாது."

"நெசத்தை எழுதுங்கய்யா."

அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. துடைச்சுக்கிட்டே இருந்தாரு. "எழுதினா என் வேலை போயிரும்மா"ன்னாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

பஞ்சவர்ணம் வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. அவ அன்னைக்கு ராக்கு வீட்டுக்கு நடந்துதான் போனா, ஓடல. ஈரச்சேலையை விலக்கி உள்ள போய், பாயோரமா உக்காந்தா.

"புள்ள, எங்களால வந்துச்சு. நாங்க உள்ளேன் சொன்னதாலதான் உனக்குப் பரிட்சை இல்லையாம்."

கொய்ங்ங்ங்...

"உண்மையைச் சொன்னா உன் பேரை அடிச்சிருவாக. அடிச்சா..." அவளுக்கு அந்த வார்த்தை வரல. "சொல்லலைன்னா நீ களத்துக்குப் போகணும். நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்லு."

ராக்கு மேல கூரையைப் பார்த்துக்கிட்டே கெடந்தா. பத்து வயசுப் பிள்ளை. எது எதுன்னு யோசிச்சிருப்பா? ஒரு பக்கம் செவப்பு மை, ஒரு பக்கம் செவப்புக் களம்.

அப்புறம் சொன்னா. "அடிக்கச் சொல்லு புள்ள."

"நெசமாவா?"

"களத்துல மெதுவாச் சாகணும். அது இழுத்துக்கிட்டே கெடக்கும். இது சர்ருனு போயிரும்ல?"

ம்... நீ ஒண்ணும் சொல்லாத. என் கையைப் பிடிச்சுக்கோ.

ரிசல்ட்டுல கையெழுத்துப் போட ஆபீசர் வந்த அன்னைக்கு, பிள்ளைங்க எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு. அப்போ முத்தத்துல இருந்து சத்தம் வருது. கொய்ங்ங்... கொய்ங்ங்... ராக்கு தனியா நடந்து வர்றா. வாயில ஈரத்துணி. நாலடி வைப்பா, நிப்பா. நாலடி வைப்பா, நிப்பா. வத்தல் மேல கால் பட்டு சர்க், சர்க். வாசல்ல வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு, துணியை எடுத்துட்டு, ஆபீசர் முன்னாடி சொன்னா.

"ஐயா, நான் வரலை. இழுப்பு வந்த நாள்ல ஒண்ணுலகூட வரலை. பேரை அடிங்க."

ஆபீசர் பதிவேட்டை இழுத்தாரு. "அப்ப இதுல உள்ளேன் சொன்னது யாரு?"

சத்தமில்ல.

"யாருன்னு கேக்குறேன்!"

சத்தமில்ல.

"சொன்ன ஆளு தெரியலைன்னா இந்தப் பொண்ணு சொல்றதை நான் எப்படி நம்புறது? ஜூன் பரிட்சை கெடையாது. யாரு?"

பஞ்சவர்ணம் எந்திரிச்சா. ரெட்டைச் சடை. முழங்கால்ல காயம். "நான்தான்யா."

"இத்தனை நாளும் நீயேவா?"

அவ சுத்தித் திரும்பிப் பார்த்தா. ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சு உள்ளேன் சொன்ன அத்தனை பேரும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. எதிரொலி பண்ணினவன், வயித்தால போகுதுன்னவன், எல்லாரும். ஒருத்தரும் தலையைத் தூக்கல. ரொம்ப பயமா இருந்துச்சு அவங்களுக்கு. சின்னப் பிள்ளைங்கதானே.

"ஆமாய்யா. நான் மட்டும்தான்"னா.

ஆபீசர் வாத்தியார் மேசையில இருந்து செவப்பு மைப் பேனாவை எடுத்தாரு. அந்தக் கோடுகளையெல்லாம் அடிச்சுச் சுழி போட்டாரு. ஐப்பசியில ஒண்ணு, கார்த்திகையில ஒண்ணு, தையில, மாசியில, சர்ர், சர்ர், சர்ர்... கடைசியில இத்தனை நாள் வராத பிள்ளை இந்த வருஷத்துப் பட்டியல்ல இருக்க முடியாதுன்னு பேரு மேல ஒரு நீளக் கோடு. ஜூன் பரிட்சைப் பட்டியல்ல புதுசா எழுதிக்கலாம்னாரு.

அவருக்கு அது ஒரு வேலை. அங்க உக்காந்திருந்த பிள்ளைங்க யாரும் அவரைப் பார்க்கல. எல்லாக் கண்ணும் ராக்கு நெஞ்சு மேல.

கொய்ங்ங்...

நின்னுச்சு.

பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கிட்டா.

கொய்ங்ங்ங்... மறுபடி வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. எப்பவும் போல கஷ்டமாத்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. செவப்பு மை சும்மா மைதான். அது தெரிய அவுங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

"அப்ப அவ பொழைச்சுட்டா!"

பொழைச்சுட்டா. வாத்தியாரை மூணு மாசத்துக்கு வேலைக்கு வராத, வீட்ல உக்காருன்னுட்டாங்க. வேலை இல்லாத வாத்தியார் என்ன பண்ணினாரு? சைக்கிளை எடுத்துக்கிட்டு, கிணிங் கிணிங்னு இந்தத் தடவை ராக்கு வீட்டு வாசல்ல இறங்கினாரு. சித்திரை, வைகாசி பூரா ஈரச்சேலைக்கு உள்ள உக்காந்து வகுத்தல் சொல்லிக் கொடுத்தாரு. புத்தகத்தைப் பார்க்க மாட்டாரு. அவ முகத்தையே பார்த்துக்கிட்டுச் சொல்லிக் கொடுப்பாரு. அவளுக்குப் பேச மூச்சு இல்லாதப்ப விரலைக் காட்டுவா, அதையும் பதில்னு எடுத்துக்குவாரு. இருளாயி மோர் கொடுத்தா, குடிக்க மாட்டாரு. எந்த மூஞ்சியோட குடிக்கிறதுன்னு நினைச்சாரோ என்னவோ.

ஜூன்ல வத்தல் எல்லாம் மூட்டையாகி லாரி ஏறிப் போச்சு. முத்தம் மண்ணு நிறத்துக்கு வந்துச்சு. ராக்கு பரிட்சை எழுதினா. பாஸானா. நெறைய மார்க்கு இல்ல, பாஸ். செவத்தியான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினான். தகரப் பெட்டி வாங்கினான்.

"பஞ்சவர்ணமும் கடக்கரை ஊருக்குப் போனாளா பெரிப்பா?"

இல்ல தாயி.

ஆபீசர் முன்னாடி நான்தான்னு எந்திரிச்சா பாரு, அது அன்னைக்குச் சாயங்காலமே அவ அப்பன் காதுக்குப் போயிருச்சு. அவனும் களத்துலதான் வேலை பார்க்கிறான். "ஊரு முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட. வருஷம் பூரா பொய் சொல்ற கழுதைக்குப் படிப்பு ஒரு கேடா?"ன்னான். அவ பாஸ்தான். கணக்குல முதல் மார்க்கு. எவ்வளவோ சொன்னாங்க. வாத்தியார் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு. அவரு பேச்சை அப்ப யாரு மதிப்பா? ராக்கு போய் வாசல்ல நின்னு அழுதா. இருளாயி போய்க் கேட்டா. மூணு பேரு சொல்லியும் அவன் கேக்கல.

"மத்த பிள்ளைங்க? நாங்களும்தான் சொன்னோம்னு சொல்லலையா?"

சொல்லல.

"ஏன்?"

தெரியல தாயி. நானும் ரொம்ப நாளா யோசிச்சுப் பார்த்துட்டேன்.

"அது நியாயமே இல்ல."

ஆமா. இல்ல.

அப்புறம், அடுத்த தையில, பொங்கல் லீவு முடிஞ்சு ராக்கு கடக்கரை ஊருக்குத் திரும்பப் போறா. அவ நெஞ்சு அங்க போய் நல்லா ஆயிருச்சு, ஓடக்கூடச் செய்யுறாளாம். பஸ் ரோட்டுல பாதி வத்தல், மிச்சப் பாதியில மெல்ல ஒதுங்கிப் போகுது. சன்னலோரத்துல ராக்கு, வாயில துணியைக் கட்டிக்கிட்டு. களத்துல வரிசையாப் பொம்பளைங்க உக்காந்து காம்பு கிள்ளுறாங்க, டிக், டிக், டிக். அந்த வரிசையில கடைசியில ரெட்டைச் சடை.

ராக்கு கையை வெளிய நீட்டி ஆட்டினா. "புள்ள! ஏ புள்ள!"

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தா. சிரிச்சா. பஸ் வளைவுல திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தா. அவ கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது. ஆனா துடைக்க முடியாது, காலையில இருந்து வத்தல் கிள்ளின கை. பக்கத்துல இருந்த பொம்பளை, "என்னடி, நெடியா?"ன்னு கேட்டா. அவ ரெண்டு கையையும் தள்ளி விரிச்சு வச்சுக்கிட்டு, முகத்தை மட்டும் காத்துக்குக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, அது தானா காயட்டும்னு.

ம் சொல்லு.

தாயி?

...

சரி. கதை களத்துலயே இருக்கட்டும், நீ தூங்கு.